மரித்தோர் மாதத்தில் எழும் வினாக்கள்

யாழ். குடாநாட்டுக் கத்தோலிக்க மக்களுக்கு நவம்பர் மாதம் மரித்தோரை நினைவுகூரும் மாதமாகும். முதலாம் திகதி சகல புனிதர்களின் பெருவிழாவும், இரண்டாம் திகதி மரித்த விசுவாசிகள் அனைவரின் நினைவுநாளும் அனுசரிக்கப்படுகின்றன. யாழ். நகரின் கொஞ்சேஞ்சி மாதா சேமக்காலை தொடக்கம் தீவகத்தின் சிறிய சேமக்காலைகள் வரை கல்லறைகள் துப்புரவாக்கப்பட்டு, மெழுகுதிரிகள் ஏற்றப்பட்டு, உறவினர்கள் கூடிநின்று செபிப்பது இம்மாதத்தின் வழமை.

இவ்வாறு கூடும் இடங்களில் வினாக்கள் சிலவும் எழுவதுண்டு. கல்லறையருகில் நிற்கும் முதியவர் ஒருவரிடமோ பங்குத்தந்தையிடமோ மெல்லிய குரலில் அவை கேட்கப்படுகின்றன. விடை எதுவாக இருக்குமோ என்ற அச்சத்தினால் கேட்கப்படாமலே மனத்தில் தங்கிவிடுகின்றவையும் உண்டு. வேலிக்கு அப்பால் வாழும் சைவ அயலவர்களும் இவற்றுட் சிலவற்றைக் கேட்பதுண்டு. கலப்புத் திருமணங்கள் பெருகியுள்ள இக்காலத்தில் ஒரே வீட்டினுள்ளேயே இவ்வினாக்கள் எழுகின்றன.

மரித்தோர் பற்றித் திருச்சபை விதித்துள்ளவை எவை, நமது ஊர் வழக்கம் சேர்த்துக்கொண்டவை எவை என்பதைப் பிரித்தறியாமையே பெரும்பாலான மயக்கங்களுக்குக் காரணம் என்பது எமது கருத்து. திருச்சபையின் ஒழுங்குகள் பல, மக்கள் அஞ்சுவதைவிட இரக்கம் மிக்கவை. எனவே அடிக்கடி கேட்கப்படும் வினாக்களையும் அவற்றுக்கு 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டக்கோவையும் ஏனைய அதிகாரபூர்வ ஏடுகளும் தரும் விடைகளையும் இங்கு தொகுத்துத் தருகின்றோம்.

மரித்தவருக்காக மன்றாடுவதன் பொருள் என்ன?

இறைவனின் அருளில் மரித்தும் முழுமையாகத் தூய்மை பெறாதவர்கள் விண்ணக வாழ்வில் நுழையுமுன் தூய்மையாக்கப்படுகின்றனர் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. பழைய செபப் புத்தகங்கள் இதனை உத்தரிக்கிற ஸ்தலம் என்று அழைத்தன. 1439இல் புளோரன்ஸ் சங்கமும் 1563இல் திரெந்துச் சங்கமும் இப்போதனையை உறுதிப்படுத்தின. அந்நிலையில் உள்ளோருக்கு உயிருடன் இருப்போரின் செபமும் திருப்பலியும் தருமமும் உதவுகின்றன என்பதே மன்றாட்டின் அடிப்படை.

மக்கபேயர் இரண்டாம் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், போரில் மடிந்தவர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுக்கப்பட்ட செய்தி உண்டு. புரட்டஸ்தாந்து சபையினரின் வேதாகமத்தில் அந்நூல் இடம்பெறுவதில்லை. 1816இல் தெல்லிப்பழையில் பணி தொடங்கிய அமெரிக்க மிசனின் வழிவந்த நம் உறவினர்கள் மரித்தோருக்காக மன்றாடாமல், அவர்களுடைய வாழ்வுக்காக நன்றி கூறுவதோடு அமைவதன் காரணம் இதுவே. அவர்கள் மரித்தோரை மறந்தவர்கள் என்று எவரும் எண்ணுதல் தவறு.

நவம்பர் 2ஆம் திகதி வழக்கம் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் குளூனி மடத்து அதிபர் புனித ஓடிலோ அவர்களால் ஏற்படுத்தப்பட்டு உலகெங்கும் பரவியது. முதலாம் உலகப்போரில் இலட்சக்கணக்கானோர் மடிந்துகொண்டிருந்த 1915இல், திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர், அந்நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று திருப்பலிகளை நிறைவேற்ற அனுமதி அளித்தார். இன்று நமது பங்குகளிலும் நிலவும் இவ்வொழுங்கு, போரின் துயரிலிருந்து பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இடம்பெயர்ந்தமையால் மூதாதையரின் கல்லறையைத் தரிசிக்க இயலாதோர் என்ன செய்யலாம்?

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு இது நீண்டகால வேதனை. சொந்த மண்ணுக்குத் திரும்பியபின் பெற்றோரின் கல்லறை எது என்று அடையாளங் காண இயலாது நின்றோரும் உண்டு. புலம்பெயர்ந்து வாழ்வோரின் நிலையும் இத்தகையதே.

நவம்பர் முதலாம் திகதி தொடக்கம் எட்டாம் திகதி வரை ஏதேனும் ஒரு சேமக்காலையைத் தரிசித்து மரித்தோருக்காக மன்றாடுவோர், பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்கான செபம் ஆகிய வழமையான நிபந்தனைகளுடன், மரித்தோருக்கான பரிபூரண பலனைப் பெறலாம் என்பது ஒழுங்கு. அது தம் உறவினரின் சேமக்காலையாகவே இருத்தல் வேண்டுமென்ற விதி இல்லை. ரொறன்ரோவில் வாழும் மகன் அங்குள்ள சேமக்காலையில் நின்று, மயிலிட்டியில் அடக்கம்பண்ணப்பட்ட தாய்க்காக மன்றாடலாம்.

கத்தோலிக்கருக்குத் துடக்கு உண்டா?

இல்லை. மரணம் நிகழ்ந்த வீட்டார் குறிப்பிட்ட நாட்களுக்குக் கோவிலுக்குச் செல்லலாகாது என்ற விதி திருச்சபையில் இல்லை. மாறாக, துயருற்ற குடும்பத்தார் கோவிலுக்கு வந்து திருப்பலியில் பங்குபற்றுதலே விரும்பப்படுகின்றது. குடும்பத்தில் ஒருவர் மரித்த ஆண்டில் பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுப்பதற்கோ, திருமணம் நடத்துவதற்கோ தடை இல்லை. துயரம் தணியும்வரை கொண்டாட்டத்தைத் தள்ளிவைத்தல் குடும்பத்தின் விருப்பம். அதனை மறைச்சட்டமாகக் கொள்ளுதல் கூடாது. கணவனை இழந்த பெண் மங்கல நிகழ்வுகளில் பின்னே நிற்கவேண்டும் என்ற வழக்கத்திற்கும் திருச்சபையில் ஆதாரம் இல்லை.

எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் நிகழ்வுகள் கட்டாயமா?

சைவர்களிடையே எட்டுச் செலவும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும், ஆண்டு முடிவில் ஆட்டத் திவசமும் நிகழ்கின்றன. குடாநாட்டுக் கத்தோலிக்கரும் முப்பத்தோராம் நாளில் நினைவுத் திருப்பலி ஒப்புக்கொடுத்து, மதிய உணவு வழங்கி, கல்வெட்டு எனப்படும் நினைவு மலரை வெளியிடுவதை வழக்கமாக்கிக்கொண்டனர். பழைய இலத்தீன் திருப்பலி நூலிலும் மரணத்தின் பின் மூன்றாம், ஏழாம், முப்பதாம் நாட்களுக்கும் ஆண்டு நினைவுக்கும் தனித்தனித் திருப்பலிகள் இருந்தன. ஆகவே நாட்குறித்து நினைவுகூர்தல் கத்தோலிக்க மரபுக்கு அந்நியமானதன்று. ஆயினும் அவற்றுள் எந்த நாளும் கட்டாயமானதன்று.

இங்கு செலவு பற்றியும் கூறுதல் வேண்டும். பந்தல், ஒலிபெருக்கி, வாகனங்கள், பலநூறு பேருக்கான உணவு, வர்ணப் படங்களுடனான கல்வெட்டு என்றவாறு மரணவீட்டுச் செலவு பெருகி, மரித்தவரை இழந்த துயருடன் கடன் சுமையும் குடும்பத்தின்மீது விழுவதை நாம் காண்கின்றோம். இவற்றுள் ஒன்றையேனும் திருச்சபை கேட்கவில்லை. வறியோர் தகுந்த அடக்கச் சடங்கை இழக்கும் நிலை ஏற்படலாகாது என்று சட்ட எண் 1181 கூறுகின்றது. திருப்பலிக்கெனக் கொடுக்கப்படும் காணிக்கை அதன் விலை அன்று. வாணிபத்தின் சாயலும் அதில் இருத்தலாகாது என்கின்றது சட்ட எண் 947. காணிக்கை பெறாமலும் வறியோரின் கருத்துக்காகத் திருப்பலி நிறைவேற்றுமாறு குருக்களைச் சட்ட எண் 945 வலியுறுத்துகின்றது. கையில் பணமில்லாத காரணத்தினால் தந்தையின் ஆண்டுத் திருப்பலியைக் கேட்காது தயங்கும் எவரும் பங்குத்தந்தையிடம் அச்சமின்றிச் செல்லலாம்.

உடலைத் தகனம் செய்யலாமா?

குடாநாட்டுக் கத்தோலிக்கர் நல்லடக்கம் ஒன்றையே முறையெனக் கொள்வதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1886இல் திருச்சபை தகனத்தைத் தடைசெய்தது. ஐரோப்பாவில் உயிர்ப்பின் மீதான நம்பிக்கையை மறுப்பதன் அடையாளமாகச் சிலர் அக்காலத்தில் தகனத்தை முன்னெடுத்தமையே அத்தடையின் பின்னணி. அத்தடை 1963இல் தளர்த்தப்பட்டது. இன்றைய சட்ட எண் 1176, நல்லடக்கத்தையே பெரிதும் பரிந்துரைக்கின்ற போதிலும், கிறிஸ்தவப் போதனைக்கு முரணான காரணத்துக்காகத் தெரிவுசெய்யப்பட்டாலன்றித் தகனத்தைத் தடைசெய்யவில்லை.

எனினும் சாம்பலைப் பற்றிய ஒழுங்குகள் வேறு. 2016இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, அது சேமக்காலை போன்ற புனித இடத்தில் வைக்கப்படுதல் வேண்டும். கடலிலோ நிலத்திலோ காற்றிலோ தூவுதல் அனுமதிக்கப்படவில்லை. 2023 டிசெம்பரில் வழங்கப்பட்ட விளக்கம், மரித்தவரின் வாழ்வோடு தொடர்புடைய இடமொன்றில் சாம்பலின் சிறு பகுதியை வைத்திருப்பதற்கான வேண்டுகோளைச் சில நிபந்தனைகளுடன் திருச்சபை அதிகாரி பரிசீலிக்கலாம் எனக் கூறியது. ஆகவே வெளிநாட்டில் மரித்துத் தகனம் செய்யப்பட்ட கத்தோலிக்கர் ஒருவரின் சாம்பலை ஊருக்குக் கொண்டுவரும் உறவினர், அதனைக் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யலாம். கீரிமலைக் கடலில் கரைப்பது சைவ மரபுக்கு உரியது. கத்தோலிக்கருக்கு அது ஏற்ற முறை அன்று.

சைவப் பெற்றோரின் ஈமக்கிரியையில் கத்தோலிக்கப் பிள்ளை என்ன செய்யலாம்?

மதம் மாறியவர்களையும் கலப்புத் திருமணக் குடும்பங்களையும் பெரிதும் வாட்டும் வினா இது. தாய் தந்தையருக்கு மரியாதை செலுத்துதல் பத்துக் கட்டளைகளுள் ஒன்று. உடலருகே இரவிரவாக விழித்திருத்தல், மலர் சாத்துதல், பாடைக்குத் தோள்கொடுத்தல், சுடலை வரை செல்லுதல், சகோதரருடன் செலவைப் பகிர்ந்துகொள்ளுதல் ஆகிய அனைத்தும் பிள்ளையின் கடமைகளே. அவற்றை நம்பிக்கைக்கு மாறானவையெனக் கருதி ஒதுங்குதல் தேவையில்லை. வேறு தெய்வங்களை நோக்கிய வழிபாட்டை, வழிபாடாகவே தாம் முன்னின்று செய்வதிலிருந்து மாத்திரமே கத்தோலிக்கர் விலகியிருக்க வேண்டும்.

மரியாதைக்கும் வழிபாட்டுக்கும் இடையிலான இவ்வேறுபாட்டைத் திருச்சபை எளிதில் வகுத்துவிடவில்லை. சீனத்தில் மூதாதையருக்குச் செலுத்தப்படும் வணக்கம் பற்றி நூற்றாண்டுகளாக நீடித்த சர்ச்சையில், 1742இல் முழுத்தடை விதிக்கப்பட்டது. 1939இல் உரோமை அத்தடையைத் தளர்த்தி, மரித்தோருக்குச் செலுத்தப்படும் குடும்ப, சமூக மரியாதை அனுமதிக்கத்தக்கது என அறிவித்தது. கொள்ளி வைக்கும் மூத்த மகன் கத்தோலிக்கனாக இருக்கும் வீடுகளில், மரண வேளையின் பதற்றத்தில் விவாதம் எழாதவாறு, முன்கூட்டியே குடும்பத்துடனும் பங்குத்தந்தையுடனும் பேசி வைத்தல் நன்று.

சைவ நண்பர்கள் கத்தோலிக்கரின் இரங்கல் திருப்பலியில் அமர்ந்திருக்கலாம், செபிக்கலாம், உடலுக்கு மலர் சாத்தலாம். நற்கருணை பெறுதல் ஒன்றே அவர்களுக்கு உரியதன்று. மரித்த சைவர் ஒருவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாமா என்ற வினாவுக்கும் விடை ஆம் என்பதே. உயிரோடிருப்பவரோ மரித்தவரோ, எவருக்காகவும் திருப்பலியை ஒப்புக்கொடுக்கக் குருவுக்கு உரிமை உண்டு என்று சட்ட எண் 901 தெளிவாகக் கூறுகின்றது. அங்கு மதம் பற்றிய வரையறை எதுவும் இல்லை.

தற்கொலை செய்துகொண்டவருக்கு அடக்கத் திருப்பலி உண்டா?

உண்டு. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டக்கோவை, மனமறியத் தன்னுயிரை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்திருந்தது. முதியோர் பலரின் நினைவில் நிற்பது அக்கால நடைமுறையே. 1983ஆம் ஆண்டின் சட்டக்கோவையில், அடக்கம் மறுக்கப்படக்கூடியோரைக் கூறும் சட்ட எண் 1184இல், தற்கொலை செய்துகொண்டோர் குறிப்பிடப்படவில்லை. கடும் உளப் பாதிப்பு, பேரச்சம், வேதனை என்பன மனிதரின் பொறுப்பைக் குறைக்கின்றன என்றும், அவர்களது மீட்பைப் பற்றி நம்பிக்கை இழத்தல் ஆகாது என்றும் 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல் போதிக்கின்றது. அவ்வாறான மரணம் நேர்ந்த வீட்டாரைத் தனிமைப்படுத்துவதும், சேமக்காலையின் ஓர் ஓரத்தை அவர்களுக்கு ஒதுக்க முனைவதும், திருச்சபை கைவிட்ட ஒன்றை நாம் சுமந்துகொண்டிருப்பதாகும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தால் அலைக்கழிக்கப்படுவோர் 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

திருமுழுக்குப் பெறுமுன் மரித்த குழந்தையைப் பற்றியும் இதே அச்சம் நிலவுகின்றது. பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்தனராயின், அக்குழந்தைக்குத் திருச்சபை அடக்கத்தை அனுமதிக்க ஆயருக்கு அதிகாரமுண்டு என்கின்றது சட்ட எண் 1183. திருமுழுக்கின்றி மரித்த குழந்தைகளின் மீட்பை நம்புவதற்குத் தக்க காரணங்கள் உள்ளன என 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணைக்குழு தனது ஆய்வில் கூறியது.

குருவானவர் இன்றி அடக்கம் செய்யப்பட்டவரின் நிலை என்ன?

போர்க்காலத்தில் பதுங்குகுழியின் அருகிலும், தெருவோரத்திலும், தென்னையின் அடியிலும் உறவினரை அவசரமாகப் புதைத்துவிட்டு ஓடிவந்த குடும்பங்கள் வடபுலத்தில் ஏராளம். குருவானவர் வரவில்லை, திருப்பலி நிறைவேறவில்லை, பெட்டியும் இல்லை. தாம் பெருங்குறை வைத்துவிட்டோம் என்ற எண்ணம் அவர்களை இன்றும் உறுத்துகின்றது.

குரு கிடைக்காதவிடத்துப் பொதுநிலையினரே அடக்கச் செபங்களை நடத்தலாம் என்பது திருச்சபையின் வழிபாட்டு ஒழுங்கு. குடாநாட்டுக்கு இது புதிய செய்தியன்று. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து குருக்களை வெளியேற்றினர். 1687இல் இலங்கைக்கு வந்து, மாறுவேடத்தில் யாழ்ப்பாணத்திலும் சில்லாலையிலும் பணிபுரிந்த யோசேப் வாஸ் அடிகளார், மூப்பர், அண்ணாவியார் ஆகிய பொதுநிலையினரிடம் ஊர்ச் சமூகங்களின் செப வாழ்வை ஒப்படைத்தார். குரு வந்துசேரும் வரையில் அவர்களே மக்களை வழிநடத்தினர். அவ்வடிகளார் 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பில் திருத்தந்தை பிரான்சிசினால் புனிதராக உயர்த்தப்பட்டார்.

எனவே தாய் தன் பிள்ளையின் உடலருகே சொன்ன ஒரு பரலோக மந்திரமும் அடக்கச் செபமே. அத்தகைய புதைகுழி அடையாளங் காணப்படுமாயின், குருவானவரை அழைத்து அதனை ஆசீர்வதிக்கச் செய்யலாம். திருச்சபைக்குச் சொந்தமில்லாத நிலத்தில் உள்ள கல்லறைகளும் தனித்தனியே ஆசீர்வதிக்கப்படல் வேண்டும் என்பது சட்ட எண் 1240.

காணாமற்போனவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தால், அவர் மரித்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகுமா?

கேட்கப்படும் வினாக்களுள் மிகவும் பாரமானது இதுவே. வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பலர், நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலைக்குச் செல்வதில்லை. மரித்தோர் பட்டியலில் மகனின் பெயரை எழுதிக்கொடுத்தால் அவனைத் தாமே புதைத்ததாகிவிடும் என அஞ்சுகின்றனர். பெயரை எழுதாதுவிட்டால் அவனுக்காக எவருமே மன்றாடாத நிலை வந்துவிடுமோ எனவும் அஞ்சுகின்றனர்.

விடை, மேலே கண்ட சட்ட எண் 901இலேயே உள்ளது. உயிரோடிருப்பவருக்கும் மரித்தவருக்கும் ஒரே திருப்பலியே ஒப்புக்கொடுக்கப்படுகின்றது. ஆகவே "காணாமற்போன எனது மகனுக்காக" என்று கூறி ஆண்டின் எந்த நாளிலும் கருத்துக் கொடுக்கலாம். உயிரோடிருப்பின் பாதுகாப்புக்காகவும், மரித்திருப்பின் இளைப்பாற்றிக்காகவும் அம்மன்றாட்டு அமையும். இரண்டில் எது என்பதைத் தாய் அறிவிக்க வேண்டியதில்லை. மரணச் சான்றிதழைக் காட்ட வேண்டியதும் இல்லை. அம்மன்றாட்டினால் அவரது தேடலோ, நீதி கேட்கும் உரிமையோ குறைவதும் இல்லை.

யாழ். மறைமாவட்டத் திருச்சபையும் இத்துயரில் பங்குள்ளது. 2006 ஓகஸ்ட் 13ஆம் திகதி அல்லைப்பிட்டி புனித பிலிப்புநேரியார் ஆலயத்தின்மீது எறிகணைகள் வீழ்ந்து மக்கள் மடிந்தனர். அப்பங்கின் தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகளார், அவ்வாண்டு ஓகஸ்ட் 20ஆம் திகதி தமது உதவியாளருடன் காணாமற்போனார். யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசேப் அடிகளார், 2009 மே 18ஆம் திகதி வட்டுவாகலில் சரணடைந்தோருடன் சென்றதன் பின்னர் காணப்படவில்லை. தன் குருக்களுக்கே கல்லறை எழுப்ப இயலாத திருச்சபை, அத்தாய்மாரின் வினாவைத் தன் வினாவாகவே கொள்ளக் கடமைப்பட்டுள்ளது.

எச்சங்கள் பிற்காலத்தில் கிடைக்குமாயின் என்ன செய்வது?

செம்மணி சித்துப்பாத்தியில் 2025இல் மேற்கொள்ளப்பட்ட அகழ்வுகளின்போது 200க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டதன் பின், இவ்வினா புதிய கூர்மை பெற்றுள்ளது. எத்தனை ஆண்டுகள் கடந்தாலும், அடையாளங் காணப்பட்டு உறவினரிடம் ஒப்படைக்கப்படும் எச்சங்களுக்கு இரங்கல் திருப்பலியும் நல்லடக்கமும் முழுமையாக உரியன. நினைவுத் திருப்பலிகள் பலமுறை நிறைவேறியிருப்பினும் அது தடையாகாது. எனினும், நீதிமன்றத்தின் கீழ் நடைபெறும் ஆய்வுகள் முடிவுறுமுன், ஆறுதல் தேடும் அவசரத்தில் எச்சங்களைக் கோருவது உண்மை வெளிப்படுவதற்கு ஊறு செய்யலாம். இன்னார் என்று அறியப்படாதோருக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். பெயர் அறியாமை மன்றாட்டுக்குத் தடையாவதில்லை.

காணாமற்போனவரின் மனைவி மறுமணம் செய்யலாமா?

இருபத்தைந்து வயதில் கணவனைத் தொலைத்த பெண்கள் இன்று நடுத்தர வயதினர். இவ்வினாவைக் கேட்டமைக்காகவே ஊராரின் ஏச்சுக்கு ஆளானோரும் உண்டு. கேட்பது குற்றமன்று என்பதை முதலிற் கூறுகின்றோம்.

நாட்டின் சட்டத்தைப் பொறுத்தவரை, 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ், ஓராண்டுக்கு மேல் தகவல் இன்றிக் காணாமற்போனோர் தொடர்பில் மரணத்தைப் பதிவுசெய்ய இடமுண்டு. மரணச் சான்றிதழை ஏற்க மறுத்த குடும்பங்களின் நிலையைக் கருதி, 2016இல் செய்யப்பட்ட திருத்தம், காணக்கிடைக்காமைக்கான சான்றிதழைப் பெற வழிசெய்தது. அது சொத்து, வங்கி, பிள்ளைகளின் கல்வி போன்ற அலுவல்களுக்கு உதவுமேயன்றி, மரணத்தைப் பிரகடனம் செய்வதில்லை.

திருச்சபையில் மறுமணம் பற்றிக் கூறுவது சட்ட எண் 1707. கணவரின் மரணம் ஏற்கத்தக்க ஆவணத்தினால் நிறுவப்பட இயலாதவிடத்து, மறைமாவட்ட ஆயர் உரிய விசாரணை செய்து, சாட்சிகளின் கூற்று, ஊரில் நிலவும் செய்தி, ஏனைய தடயங்கள் ஆகியவற்றிலிருந்து நியாயமான உறுதி பெற்றால், மரணம் நிகழ்ந்ததெனக் கருதும் பிரகடனத்தை வழங்கலாம். அதன்பின் மனைவி மறுமணம் செய்யச் சுதந்திரமுடையவர். நீண்டகாலமாகக் காணப்படவில்லை என்பது மட்டும் அதற்குப் போதாது. ஆகவே கடைசியாகக் கண்டவர் யார், எங்கே, எந்நாளில், அவ்விடத்தில் என்ன நிகழ்ந்தது என்பவற்றை எழுதி, அரச ஆவணங்கள் இருப்பின் அவற்றையும் இணைத்துப் பங்குத்தந்தை மூலம் ஆயர் இல்லத்துக்குச் சமர்ப்பித்தல் வேண்டும். சிக்கலான வழக்குகளில் ஆயர் உரோமையின் ஆலோசனையைப் பெறுவார்.

இவ்விசாரணையைக் கோருவது கணவருக்குச் செய்யும் துரோகம் ஆகாது. கோராமல் காத்திருக்க விரும்பும் பெண்ணை அதற்கு வற்புறுத்தவும் எவருக்கும் உரிமையில்லை. இரு முடிவுகளும் அவளுக்கே உரியவை.

முடிவாக

மேற்கூறியவற்றை ஒருசேர நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். வறியவர், தன்னுயிரை மாய்த்தவர், திருமுழுக்கின்றி மரித்த சிசு, குருவின்றிப் புதைக்கப்பட்டவர், வேற்று மதத்தவர், இருக்கின்றாரா இல்லையா என்று அறியப்படாதவர் ஆகிய எவரையும் மன்றாட்டின் எல்லைக்கு வெளியே திருச்சபை நிறுத்தவில்லை. நிறுத்துவது பெரும்பாலும் நமது அறியாமையும் ஊர்ப்பேச்சுமே.

பங்குத்தந்தையர் நவம்பர் மாத மறையுரைகளில் இவ்விடயங்களை வெளிப்படையாக எடுத்துரைத்தல் வேண்டும் என்பது எமது வேண்டுகோள். மரித்தோரின் பெயர்ப் பட்டியலுக்கு அருகில், காணாமற்போனோருக்கென வேறொரு பட்டியலையும் ஆலய வாசலில் வைப்பார்களாயின், சேமக்காலைக்குப் போகாது வீட்டில் தங்கிவிடும் தாய்மாரும் தம் பிள்ளைகளின் பெயரை அச்சமின்றி எழுத இயலும். அதற்குப் புதிய சட்டமோ அனுமதியோ தேவையில்லை. ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும்.